வைக்கோல் புரியும் 12 டன் தேரும்: கியோட்டோவின் கியோன் விழா

கேட்கப்பட்டவை நான்கு. ஜப்பானின் கியோட்டோ நகரில் ஜூலையில் நடக்கும் கியோன் விழாவின் தேர்களில் ஆணியே கிடையாது என்கிறார்களே, 12 டன் எடையை வைக்கோல் கயிறு எப்படித் தாங்குகிறது? சக்கரம் திரும்பாத தேரைத் தெருமுக்கில் எப்படித் திருப்புகிறார்கள்? வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த நகர நடுவில் இதை இன்னும் யார் நடத்துகிறார்கள்? ஜூலையில் போனால் எந்த நாளில் எங்கே நிற்பது?

முதல் கேள்வியை லேசாகத் திருத்திக்கொண்டால் பதில் எளிதாகிவிடும். கயிறு எடையைத் தாங்கவில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் நாற்பது ஐம்பது பேர், கூரை, தொங்கும் கம்பளங்கள், உச்சிக்கம்பம் எல்லாவற்றின் பாரமும் குறுக்குச் சட்டங்கள் வழியாகக் கால்களுக்கும், கால்களிலிருந்து இஷிமோச்சி என்னும் இரண்டு பெரிய அடிமரங்களுக்கும், அங்கிருந்து அச்சுக்கும் சக்கரத்துக்கும் இறங்குகிறது. மரத்தின்மேல் மரம் உட்கார்ந்து சுமக்கிற சுமை அது. தேர் நகரும்போது சட்டகம் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் கோணிக்கொள்ளப் பார்க்கும். அந்த நேரத்தில் பொருத்துகள் வாய் பிளக்காமல் பிடித்துக்கொள்வதுதான் கயிற்றின் வேலை. இந்த வேறுபாடு புரிந்தால் ஏன் ஆணி இல்லை என்பதும் புரியும். ஆணி அடித்த பொருத்து அசைய மறுக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் ஆணி தன் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கும், கடைசியில் மரம் வெடிக்கும். கயிறு கட்டிய பொருத்து அரை விரற்கடை நெளிந்து, திரும்பப் பழைய இடத்துக்கு வரும். ஓடும்போது இந்தத் தேர்கள் முனகுவதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. முனகல் என்றால் பொருத்து வேலை செய்கிறது என்று பொருள்.

எல்லாத் தேரும் ஒரே வகை அல்ல. மொத்தம் 34 ஓடுகின்றன: ஜூலை 17 முன்விழாவில் 23, ஜூலை 24 பின்விழாவில் 11. இவற்றில் உயரக் கம்பம் நட்ட ஹோக்கோ என்னும் வகை ஆறுதான். ஹோக்கோ என்றால் நீண்ட காம்புள்ள ஈட்டி போன்ற படைக்கலம். கப்பல் வடிவில் இரண்டு, கம்பத்துக்குப் பதில் பைன் மரம் நட்டு வடம் பிடித்து இழுக்கப்படுபவை நான்கு, குடை வடிவில் இரண்டு, மீதி 20 தோளில் சுமக்கும் யமா வகை. இந்தச் சுமக்கும் யமாக்கள் ஒன்றரை டன் அளவில் இருக்கும், இப்போது அடியில் சிறு சக்கரம் பொருத்தித் தள்ளிக்கொண்டு போகிறார்கள், முக்கு வந்தால் மட்டும் தூக்கிச் சுழற்றிக் காட்டுவார்கள். கேள்வியில் வந்த 12 டன் கணக்கு பெரிய ஹோக்கோக்களுக்கு, ஆட்கள் ஏறிய பிறகு உள்ள எடை. முதலில் ஓடும் நகினாத்தா ஹோக்கோவின் உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர், கூரை 8 மீட்டர் உயரம். கீழே பேசப்போவது பெரும்பாலும் இந்தப் பெரிய வகையைப் பற்றி.

ஒரு ஹோக்கோவைக் கட்டி முடிக்க மூன்று நாள் ஆகும். முன்விழாத் தேர்களுக்கு ஜூலை 10-இல் வேலை தொடங்கும். தெருவின் நடுவே, போக்குவரத்தை ஒதுக்கிவிட்டு, கிடங்கிலிருந்து மரங்களைக் கொண்டுவந்து வரிசையாகப் போடுவார்கள். எந்தத் துண்டு எந்தக் காலின் எந்தப் பக்கம் என்பதற்கு மரத்திலேயே குறி உண்டு. கால்களில் வெட்டிய துளைகளில் குறுக்குச் சட்டத்தின் கழுந்து நுழையும், சாய்வுச் சட்டங்கள் மூலைக்கு மூலை வரும். கழுந்து துளையில் சிக்கென்று உட்காராது, வேண்டுமென்றே சிறிது தளர்வாக இருக்கும். வருடாவருடம் கழற்றிப் பூட்ட வேண்டிய பொருத்தை இறுக்கமாகச் செய்தால் பத்து வருடத்தில் கழுந்து தேய்ந்துவிடும். அந்தத் தளர்வை எடுப்பதுதான் நவாகராமி எனப்படும் கயிற்றுக் கட்டு.

கயிறு புதிதாக முறுக்கிய நெல் வைக்கோல் புரி. சுற்றுகள் ஒன்றை ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கமாக, பாய் முடைந்ததுபோல அமைய வேண்டும். ஒருவர் உடல் எடையைக் கொடுத்து இழுக்க, இன்னொருவர் சுற்றிய இடத்தை மரச்சுத்தியால் தட்டித் தட்டி உட்கார வைப்பார். தட்டும்போது வைக்கோல் அமுங்கி, இழுப்பவருக்கு ஒரு விரல் நீளம் கயிறு மிஞ்சும், அதையும் இழுத்துக்கொள்வார். ஒரு அடுக்கு முடிந்தபின் அதன் மேல் அடுத்த அடுக்கு. கடைசியில், இதுவரை சுற்றிய சுற்றுகளுக்குக் குறுக்கே, இரண்டு மரங்களுக்கும் நடுவில் புகுந்து, மொத்தக் கட்டையும் இடுப்பைப் பிடிப்பதுபோலச் சேர்த்து நெரிக்கும் சுற்று வரும். உண்மையான இறுக்கம் இந்தக் குறுக்குச் சுற்றில்தான் கிடைக்கிறது. முன்பு போட்ட நேர்ச் சுற்றுகள் நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிவதால் கட்டு வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோலத் தெரியும். ஆண் வண்ணத்துப்பூச்சி, பெண் வண்ணத்துப்பூச்சி என்றே கட்டுகளுக்குப் பெயர். பார்வைக்காக வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம். இறக்கை இரண்டும் ஒரே அளவில் விரிந்தால் இழுவை சமமாக ஏறியிருக்கிறது, ஒன்று குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருந்தால் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது. கட்டின் அழகே அதன் சோதனை.

தவறு எங்கே நடக்கும்? ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறினால் அங்கே கயிறு மேடாக நிற்கும். தேர் இரண்டு முறை குலுங்கியதும் மேட்டிலிருந்து சறுக்கி இறங்கும், இறங்கிய அளவுக்கு மொத்தக் கட்டும் தளரும். நான்கு மூலைகளில் ஒன்றில் மட்டும் இழுவை குறைந்தால் சட்டகம் சிறிது முறுக்கிக்கொள்ளும். கீழே விரற்கடை அளவில் இருக்கும் கோணல் 25 மீட்டர் உயரத்தில் எல்லாரும் பார்க்கும் சாய்வாகிவிடும். அதனால்தான் விழாவுக்கு நான்கைந்து நாள் முன்பே, ஜூலை 12, 13-இல், ஹிக்கிசோமே என்னும் முதல் இழுப்பு நடக்கிறது. பொதுமக்களும் குழந்தைகளும் வடம் பிடிக்கலாம், அதனால் கொண்டாட்டம் போலத் தெரியும். கட்டியவர்கள் கண்ணெல்லாம் பொருத்துகளின் மேல் இருக்கும். பாரம் ஏறி நகர்ந்த பிறகுதான் கயிறு முழுதாக அமரும்.

நைலான் கயிறு ஏன் போடவில்லை என்றால், அது வழுக்கும், பாரத்தில் நீளும். வைக்கோல் புரியின் சிலும்பல் மரத்தையும் பக்கத்துச் சுற்றையும் கவ்விக்கொள்ளும். முடிச்சுக்கு அதிகம் வேலை இல்லை, நுனியைச் சுற்றுகளுக்கடியில் செருகினாலே நிற்கும். மழையில் நனைந்தால் முறுக்கிய இயற்கை நார் பருத்து நீளம் குறையும், அதாவது கட்டு இன்னும் இறுகும். ஜூலை கியோட்டோவில் மழைக்காலத்தின் வால் என்பதால் இது சின்ன லாபமல்ல. தொல்லை வேறு பக்கம் வருகிறது. இப்போது அறுவடை இயந்திரம் நெல்லை அறுக்கும்போதே வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. நீளத் தாளுள்ள வைக்கோல் வேண்டுமானால் அதற்கென்று தனியாக அறுத்துக் காயவைக்கும் விவசாயியைத் தேடிப் போக வேண்டும்.

கம்பத்தை ஏற்றுவது பார்க்கவேண்டிய காட்சி. 20 மீட்டர் கம்பத்தை நின்றுகொண்டிருக்கும் சட்டகத்துக்குள் மேலிருந்து இறக்க முடியாது. அதனால் கட்டி முடித்த சட்டகத்தையே தெருவில் பக்கவாட்டாகப் படுக்க வைக்கிறார்கள். கம்பத்தைக் கிடைமட்டமாகச் செருகி, சக்காகி என்னும் புனித மரத்தின் கிளைகளை அதில் கட்டி, உச்சிச் சின்னத்தையும் பொருத்தி, பிறகு சட்டகமும் கம்பமும் ஒன்றாக எழுந்து நிற்கும்படி கயிற்றாலும் வின்ச் என்னும் கயிறு சுற்றும் பொறியாலும் இழுக்கிறார்கள். கனமான அடிச்சட்டகமே எதிர் எடையாக உதவுகிறது. ஆபத்து முதல் பாதியில் இல்லை, கடைசியில் இருக்கிறது. ஏறத்தாழ நிமிர்ந்த நிலையில் சட்டகம் தானாகவே கால் ஊன்ற விழும், அந்தக் கணத்தில் பின்பக்கக் கயிறு பிடித்திருப்பவர்கள் இழுத்துப் பிடித்தபடி மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்காவிட்டால் கம்பம் சாட்டைபோல வீசும். ஆகவே இடையிடையே நிறுத்தி, ஆட்டம் அடங்கிய பின் மேலே போவார்கள். நகினாத்தா ஹோக்கோ எழுந்து நிற்கும்போது சுற்றிலும் கைத்தட்டல் வரும். கட்டுகிறவர்கள் அதற்குள் அடுத்த கயிற்றைச் சுற்ற ஆரம்பித்திருப்பார்கள்.

சக்கரம் கடைசியில் வரும். மனிதன் உயரத்துக்கும் மேல், 2 மீட்டரை ஒட்டிய விட்டம். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். அச்சு அடிமரத்தோடு பிணைந்தது, இடமும் வலமும் திரும்பாது. நேராகப் போவது ஒன்றே அதற்குத் தெரிந்த வேலை.

இனி இரண்டாவது கேள்வி. முன்விழா ஊர்வலம் ஷிஜோ வீதியில் கிழக்கே போய், கவராமச்சி வீதியில் வடக்கே திரும்பி, ஓயிக்கே வீதியில் மேற்கே திரும்பி, ஷின்மச்சி என்னும் குறுகிய தெருவில் தெற்கே இறங்குகிறது. பெரிய தேர்களுக்கு மூன்று முக்குகள். ஒவ்வொன்றிலும் நடப்பதற்கு ட்சுஜி-மவாஷி என்று பெயர். முதலில் தேரை முக்கின் சரியான புள்ளியில் நிறுத்த வேண்டும். ஓரடி முன்னால் போய்விட்டால் திரும்பியபின் தேர் புதுத் தெருவின் ஓரத்தில் மாட்டும், திருத்த அரைமணி ஆகும். நிறுத்தியதும் பிளந்த பச்சை மூங்கில் பட்டைகளை முன்சக்கரங்களுக்கு அடியில் பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். சக்கரத்தை உருட்டி மூங்கில்மேல் ஏற்றி வைத்தபின், நேரே இழுத்துக்கொண்டிருந்த வடத்தைத் திரும்பவேண்டிய பக்கத்துக்கு மாற்றுவார்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து அவை நகராமல் நிற்கும். வழக்கமாகத் தேரின் முகப்பில் இரண்டு பேர் விசிறியோடு நின்று குரல் கொடுப்பார்கள், திருப்பத்துக்கு மட்டும் நால்வர் ஆவார்கள். அவர்கள் விசிறி வீசும் அதே நொடியில் நாற்பது ஐம்பது பேரும் பக்கவாட்டில் ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். முன்சக்கரங்கள் ஈர மூங்கிலில் பக்கவாட்டாக வழுக்கி, தேர் ஏறத்தாழ 30 பாகை திரும்பும். மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர், மறுபடி இழுப்பு. மூன்று தடவையில் 90 பாகை முடிந்தால் நல்ல திருப்பம். நான்காவது தேவைப்பட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், கூட்டம் மட்டும் ஒரு மாதிரி 'ம்ம்' என்னும்.

இதில் பலம் பெரிய விஷயமில்லை. இழுப்பு நொடி பிசகினால் பாதிப்பேர் இழுத்து முடித்த பின் மீதிப்பேர் இழுப்பார்கள், தேர் அசையவே அசையாது. தண்ணீர் குறைந்தால் மூங்கில் நசுங்கிச் சக்கரம் அதில் பதியும். இழுப்பு அளவுக்கு மிஞ்சினாலும் சிக்கல்: சக்கரம் மூங்கிலைத் தாண்டித் தாரில் ஏறியதும் சட்டென்று பிடித்துக்கொள்ளும், கீழே நின்றுவிட்டது மேலே நிற்காது, கம்பம் ஆடும். அந்த வேகத்தை எல்லாம் வாங்கிக்கொள்வது முன்னே சொன்ன கயிற்றுக் கட்டுகள். ட்சுஜி-மவாஷியின்போது கூட்டம் சக்கரத்தைப் பார்க்கும். விஷயம் தெரிந்தவர்கள் சட்டகத்தின் மூலையைப் பார்ப்பார்கள், ஒரு நொடி கோணி மீள்வது அங்கே தெரியும்.

நேர் ஓட்டத்திலும் திசை விலகும். தெருவின் நடு மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருப்பதால் தேர் ஓரத்துக்கு நழுவும். சக்கரத்தோடு கூடவே நடக்கும் ஆட்கள் நீண்ட கைப்பிடியுள்ள கபுரா என்னும் கட்டையை ஓடும் சக்கரத்துக்கு அடியில் கோணலாகக் கொடுத்து, சக்கரம் அதன்மேல் ஏறி வழுக்கி இறங்கும்போது ஒரு கை அகலம் திசையை மாற்றுவார்கள். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் வேலை உடனே நினைவுக்கு வரும். கை, கால் இரண்டுமே சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் வேலை. கியோட்டோ நகரம் வடக்கே உயர்ந்து தெற்கே சரிவது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். கவராமச்சியில் வடக்கே ஏறும்போது இழுப்பவர்களுக்குக் கஷ்டம். ஷின்மச்சியில் தெற்கே இறங்கும்போது கட்டை போடுபவர்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் அங்கே சரிவோடு குறுகலும் சேர்ந்துகொள்கிறது.

ஷின்மச்சியில் தேரின் கூரைக்கும் வீட்டு இறவாணத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் கையளவு இடம்தான் சில இடங்களில். கூரைமேல் சில ஆட்கள் உட்கார்ந்தும் நின்றும் வருவதை அலங்காரமென்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் காலால் மின்கம்பத்தை உதைத்துத் தேரை விலக்குவார்கள், கம்பிகளைத் தூக்கிப் பிடிப்பார்கள், கீழே இருப்பவருக்குக் கண்ணாக இருப்பார்கள். அகன்ற ஷிஜோவிலும் கவராமச்சியிலும் இந்தத் தொல்லை இல்லாமலிருக்கப் போக்குவரத்து விளக்குக் கம்பங்களைச் சுழற்றி ஓரமாக மடக்கிவைக்கும் வசதியே உண்டு. டிராம் ஓடிய காலத்தில் விழாவுக்காக அதன் மேல்கம்பியையே அவிழ்த்தார்கள்.

வேலைப் பங்கீடு பழையது. கயிறு கட்டிச் சட்டகம் எழுப்புபவர்கள் ஒரு பிரிவு, தச்சர் ஒரு பிரிவு, சக்கரத்தார் ஒரு பிரிவு. மூன்றையும் சேர்த்து சகுஜி சன்கத்தா என்பார்கள். இவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தேரோடு தலைமுறையாகத் தொடர்புள்ள கைவினைஞர் குழுக்கள், தெருவாசிகள் அல்ல. தேருக்குச் சொந்தக்காரர்கள் தெருவாசிகள். வாத்தியக்காரர்கள் மூன்றாவது வட்டம்.

வாத்தியம் பற்றி இரண்டு வார்த்தை. கைமணி, முரசு, குழல் மூன்றே கருவி. மணியைத் தட்டும் கோலின் தலை மான்கொம்பு, காம்பு திமிங்கிலத்தின் தாடைத் தகடு. அது வளைந்து மீள்வதால்தான் 'கோன்-சிக்கி-சின்' என்னும் ஓசை வருகிறது. பையன்கள் ஆரம்பப்பள்ளி வயதில் மணியில் தொடங்கி, தாளம் உடம்பில் ஏறிய பின்தான் முரசுக்கோ குழலுக்கோ போவார்கள். மணி பிடித்திருப்பவன் எல்லாப் பாட்டின் நீளத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டும், தேர் எப்போது நிற்கும் எப்போது திரும்பும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. புறப்படும்போது மெதுவான பாட்டுகள், முதல் முக்கு திரும்பிய பின் வேகமானவை. பெண்கள் ஹோக்கோவில் ஏறுவது பற்றி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு தேரும் தானே முடிவெடுக்கிறது. சிலவற்றில் பெண் வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், நகினாத்தா ஹோக்கோ ஆண்கள் மட்டும் என்ற வழக்கத்தை விடவில்லை.

துணிகள் தனிக் கதை. கான்கோ ஹோக்கோவின் முன்திரை 16-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் நெய்தது, அதில் இருப்பது பைபிளின் ரெபெக்காள் தண்ணீர் கொடுக்கும் காட்சி. கிரேக்கப் புராணத்து ட்ரோய் போர்க் கதை நெய்த ஒரு திரைத் தொகுதியைப் பல தேர்கள் பங்கிட்டு வைத்திருக்கின்றன, கோயி யமா தன் பங்கைத் துண்டுகளாக வெட்டி நான்கு பக்கமும் உடுத்தியிருக்கிறது. இந்தியக் கம்பளங்களும் உண்டு, அவற்றில் பல தக்காணத்தில் நெய்தவை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஜப்பான் மூடிக்கிடந்த நூற்றாண்டுகளில் டச்சுக் கப்பல் வழியே நாகசாகிக்கு வந்த சரக்கை வாங்கும் அளவுக்கு இந்தத் தெருக்களில் பட்டு வியாபாரிகளிடம் பணம் இருந்தது. இத்தனை பழந்துணியை வெயிலிலும் மழையிலும் தொங்கவிட்டால் மக்கிப்போகும். அதனால் முக்கியமான பலவற்றுக்கு மறுநெசவு செய்த படிகளைத் தேரில் கட்டி, மூலத்தைப் பாதுகாப்பில் வைக்கிறார்கள். மழை வந்தால் மேலே கண்ணாடித்தாள் விரிப்பு. மழைக்காக ஊர்வலத்தை நிறுத்துவது அபூர்வம், 2015-இல் புயல் நெருங்கிய நாளிலும் முன்விழா ஓடியது.

இப்போது மூன்றாவது கேள்வி, யார் நடத்துகிறார்கள். விழா யசாகா ஆலயத்தினுடையது. 869-இல் கொள்ளைநோய் பரவியபோது 66 மாகாணங்களுக்கு 66 ஈட்டிகளை ஷின்சென்-என் தோட்டத்தில் நட்டு நோய்த் தெய்வங்களைச் சாந்தப்படுத்தியதுதான் மூலம். ஆலயத்தின் பழைய பெயரான கியோன் என்பதே புத்தர் தங்கிய சிராவத்தியின் ஜேதவனத்தைச் சீன எழுத்தில் எழுதிய பெயரின் சுருக்கம். தேர்களோ ஆலயத்துக்குச் சொந்தமல்ல. ஒவ்வொரு தேரும் ஒரு சோவுக்குச் சொந்தம். தெரு நடுவில் ஓட, இருபுறமும் எதிரெதிரே நிற்கும் வீடுகள் சேர்ந்தது ஒரு சோ. தெரு எல்லை அல்ல, முற்றம். தேரைக் கட்டுவதும் அந்த முற்றத்தில்தான். 1533-இல் ஆட்சியாளர்கள் ஆலயச் சடங்கை நிறுத்தச் சொன்னபோது, சடங்கு இல்லாவிட்டாலும் தேர் ஓட்டியே தீருவோம் என்று தெருவாசிகள் மனுக் கொடுத்தது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் 1467-இல் தொடங்கிய ஓனின் போரால் நின்றுபோன ஊர்வலத்தை 1500-இல் திரும்பத் தொடங்கியவர்களும் அவர்களே. யார் முந்துவது என்ற சண்டையைத் தீர்க்கச் சீட்டு எடுக்கும் வழக்கம் அப்போது வந்தது, இன்றும் ஜூலை 2-இல் நகர மன்றத்தில் மேயர் முன்னிலையில் எடுக்கிறார்கள். நகினாத்தா முதலாவது, கப்பல் தேர்கள் கடைசி என்பதுபோலச் சில மட்டும் சீட்டுக்கு வெளியே.

செலவு எப்போதும் ஒரு தெருவின் சக்திக்கு மேலானது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாட்டை ஆண்ட ஹிதேயோஷியின் காலத்தில் தேர் இல்லாத அண்டைத் தெருக்கள் தேர்த் தெருவுக்கு ஆண்டுதோறும் பங்கு கொடுக்கும் முறை வந்தது. மெய்ஜி பேரரசர் காலத்து அரசு 1872-இல் அதை ஒழித்ததும் பணம் வற்றியது, 1875-இல் மக்கள் சேர்ந்து செய்செய் கோஷா என்னும் ஆதரவுச் சங்கத்தை நிறுவினார்கள். இன்று பெரும்பாலான தேர்களுக்குப் பதிவு பெற்ற பாதுகாப்பு அறக்கட்டளை உண்டு. பழுதுபார்க்க அரசும் மாகாணமும் நகரமும் மானியம் தருகின்றன. மீதியைச் சிமாக்கி விற்பனை, தேரில் ஏறிப் பார்க்கும் கட்டணம், நன்கொடை ஆகியவற்றால் ஈடுகட்டுகிறார்கள். சிமாக்கி என்றால் ஜப்பானில் வழக்கமாகத் தின்பண்டம். இங்கே அது வாசலில் தொங்கவிடும் மூங்கில் இலைக் காப்பு, உள்ளே ஒன்றும் இருக்காது, பிரித்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் வருடந்தோறும் உண்டு. அதற்கான இலை நகருக்கு வடக்கே ஹானசே மலைப் பகுதியிலிருந்து வந்தது. 2000-களின் நடுவில் அந்தச் சிறுமூங்கில் ஒரேயடியாகப் பூத்துப் பட்டுப்போனது, முளைத்த குருத்தை மான்கள் மேய்ந்துவிட்டன, வெளி மாகாண இலைக்குப் போக வேண்டியதாயிற்று.

ஆள் பற்றாக்குறைதான் கடினமானது. ஷிஜோ-கராசுமா பகுதி இப்போது வங்கித் தெரு. சில சோக்களில் நிரந்தரமாகக் குடியிருக்கும் குடும்பம் விரல்விட்டு எண்ணத்தக்கது. தேர்க் கிடங்கும் கூட்டக் கூடமும் அலுவலகக் கட்டடத்தின் ஒரு மாடியாக மாறியிருப்பதைப் பார்க்கலாம். வடம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், தன்னார்வலர்கள், அங்கே வேலை செய்யும் நிறுவன ஊழியர்கள். அடுக்குமாடி வந்த சோக்களில் புதுக் குடியிருப்பாளர்களைச் சேர்த்துக்கொள்வதா என்ற தயக்கம் முதலில் இருந்தது. சேர்த்துக்கொண்ட தெருக்கள் இன்று நிம்மதியாக இருக்கின்றன என்பதே என் கணிப்பு. ரத்த உறவைவிட வேலை தெரிவதுதான் தேரைக் காப்பாற்றுகிறது. பெருந்தொற்றால் 2020, 2021 இரண்டு வருடமும் ஊர்வலம் இல்லை. ஆனாலும் 2021-இல் பல தெருக்கள் தேரைக் கட்டி நிறுத்தி, ஓட்டாமலே கழற்றி வைத்தன. இரண்டாவது வருடமும் கை பழகாவிட்டால் இளையவர்களுக்குக் கட்டு மறந்துபோகும் என்பதே காரணம்.

காணாமல் போன தேர் திரும்ப வரும் விதத்திலும் இதைப் பார்க்கலாம். 1864-இல் கியோட்டோவில் நடந்த சண்டையின் தீயில் பல தேர்கள் எரிந்தன. தேர் போனாலும் தெருக்காரர்கள் மிஞ்சிய தெய்வ உருவங்களை விழா நாட்களில் வீட்டில் அலங்கரித்து வைத்தார்கள், அப்படிப்பட்ட தேருக்கு 'ஓய்விலிருக்கும் யமா' என்று பெயர், இல்லாத தேர் என்றல்ல. பெரிய கப்பல் தேரான ஓஃபூனே ஹோக்கோ 2014-இல், 150 வருடம் கழித்துத் திரும்பியது. அதே வருடம்தான் 1966-இல் போக்குவரத்துக்காக ஒன்றாக்கப்பட்ட முன்விழாவும் பின்விழாவும் மறுபடி பிரிந்தன. தாகா யமா 1826-இல் புயல்மழையில் சேதமாகி ஓய்வில் போய், 1864 தீயில் பெரும்பகுதியை இழந்தது. தப்பிய மூன்று உருவங்கள் மட்டும் இருந்தன. முதலில் வாத்தியக்குழு எழுந்தது, பழைய படங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு வடிவம் தீர்மானமானது, 2019-இல் தேருக்குப் பதில் புனிதப் பெட்டியைச் சுமந்து ஊர்வலத்தில் நடந்தார்கள், 2022-இல் 196 வருடத்துக்குப் பின் தேர் வந்தது. வரிசையைக் கவனிக்க வேண்டும்: ஆட்கள் முதலில், மரம் கடைசியில். ஹோத்தேய் யமா இன்னும் ஓய்வில் இருக்கிறது.

ஊர்வலம் முடிந்த உடனே, அன்று பிற்பகலிலேயே தேரைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். தேர் தெருக்களில் சுற்றி நோய்த் தீமையைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது, அதை ஏற்றிய நிலையில் நிற்கவிடக்கூடாது என்பது நம்பிக்கை. அன்று மாலையே ஆலயத்தின் மூன்று பல்லக்குகள் அந்த வழியாக வரும், தெரு தூய்மையாக இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி மூன்று நாள் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதில்லை, வெட்டி எறிகிறார்கள். அடுத்த வருடம் புதுக் கயிறு.

கடைசிக் கேள்வி, எங்கே நிற்பது. கட்டுவதைப் பார்க்க ஜூலை 10 காலையிலிருந்து 12 வரை ஷிஜோ வீதியில் கராசுமா முக்குக்கு அருகே சுற்றுங்கள், நகினாத்தாவும் கான்கோவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் எழும். காசும் வேண்டாம், கூட்டமும் குறைவு. ஊர்வல நாளில் பெரும்பாலோர் ஷிஜோ-கவராமச்சி முக்குக்கு ஓடுவார்கள், அங்கே காலை ஒன்பது மணிக்கு முன்பே இடம் போய்விடும். திருப்பத்தை அருகில் பார்க்க ஷின்மச்சி-ஓயிக்கே மேல், ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மாதத்து கியோட்டோ புழுக்கம் லேசானதல்ல. கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பின்விழா: தேர்கள் எதிர்த்திசையில் கராசுமா-ஓயிக்கேயிலிருந்து ஷிஜோவுக்கு வரும், கட்டுவது 18-ஆம் தேதியை ஒட்டி ஷின்மச்சியில் நடக்கும். 17 பிற்பகல் ஷின்மச்சியில் நின்றால், கூரைக்காரர்கள் மின்கம்பத்தை உதைப்பதும், தேர் தன் வாசலுக்கு வந்து நிற்பதும், அடுத்த நிமிடம் அரிவாளோடு ஒருவர் முதல் கட்டை அறுப்பதும் வரிசையாகக் கண்முன் நடக்கும்.